கப்பலில் அந்தமான்: பன்னிரண்டு நாள் போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

சிறுவாணி மணி

வணக்கம். கோயம்புத்தூரில் பம்பு செய்யும் பட்டறையில் வேலை, வயது 33. வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏறுகிறவன். கிணற்று நீச்சல் நன்றாக வரும். ஆனால் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. என் மனைவிக்கு நீச்சலே தெரியாது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் நான்கு நாள் வெளியூர் போனது கிடையாது. வரும் பிப்ரவரியில் பன்னிரண்டு நாள் விடுப்பு அமைந்திருக்கிறது. அந்தமான் என்று முடிவு செய்துவிட்டோம்.

எனக்கு ஒரு தடவையாவது கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒரு மரநிழல், ஒரு புத்தகம், யாரும் வந்து எழுப்பாத காலை, இவ்வளவு போதும். இரண்டும் ஒரே பயணத்தில் நடக்குமா?

சென்னையிலிருந்து கப்பலில் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டிராவல்ஸில் விசாரித்தேன். விமானத்தில் போய், ஆறு நாளில் ஏழு தீவு என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. கப்பலில் பங்க் எடுப்பதா, கேபின் எடுப்பதா? வாந்தி வருமா? எத்தனை தீவு பார்க்கலாம்? நீச்சல் தெரியாதவர் டைவிங் போகலாமா? போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராஜபாளையம் செல்வா

நண்பா, நான் ஒரு தடவை கப்பலில் போனேன், ஜூலை மாதம். ஏறிய ஆறாவது மணி நேரத்தில் படுத்தவன் போர்ட் பிளேரில்தான் எழுந்தேன். சோறு இறங்கவில்லை, தலை நிமிர்த்த முடியவில்லை. கப்பலைக் குறை சொல்லவில்லை, என் உடம்புக்கு அது ஒத்துவரவில்லை. உங்கள் மனைவி ஓய்வுக்காக வருகிறார் என்கிறீர்கள். இரண்டு மணி நேர விமானம்தான் என் ஓட்டு.

தீவுக்காரி

மணி தம்பிக்கு,

நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில், ஜங்லிகாட் பக்கம். அப்பாவுக்கு ராமநாதபுரம் சொந்த ஊர். பொதுப்பணித் துறை வேலைக்காகத் தீவுக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு நான் திருச்சியில் இருக்கிறேன். ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. எங்கள் வாயில் இன்னும் பிளேர்தான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏழு தீவுத் தாளைத் தூரப் போடுங்கள். ஒவ்வொரு தீவுக்கும் ஜெட்டியில் வரிசை, பையைச் சோதித்தல், படகு, இறங்கியதும் ஆட்டோ, ஒரு மணி நேரம் படம் எடுப்பது, திரும்ப வரிசை. அப்படிப் போய் வந்தவர்களிடம் "கடல் எப்படி இருந்தது" என்று கேட்டுப் பாருங்கள். ஜெட்டியைப் பற்றித்தான் சொல்வார்கள்.

அப்புறம் கப்பல். செல்வா சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை, ஆனால் அவர் போனது ஜூலையில். அது கச்சான் அடிக்கிற காலம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் வங்கக் கடல் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். பிப்ரவரி வேறு. பெரும்பாலும் கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரி படுத்திருக்கும். டிசம்பர் வரை புயல் பயம் உண்டு. ஜனவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரைதான் நான் யாரையும் தைரியமாகக் கப்பலில் ஏறச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் விமானம் என்பது மெயின்லேண்டில் யாராவது இறந்தால் ஏறுவது. தீவுக்காரர்களுக்கு இந்தக் கரை முழுவதும் 'மெயின்லேண்ட்'தான், சென்னையோ கல்கத்தாவோ. மற்றபடி முழு ஆண்டு விடுமுறைக்குக் கப்பல்தான். அக்பர், நான்கௌரி, சுவராஜ் தீப் என்று கப்பல் பெயர்களை நாங்கள் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி சொல்வோம். சென்னையிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர், ஏறத்தாழ அறுபது மணி நேரம். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பங்க் என்பது பெரிய கூடம். இரும்புக் கட்டில்கள், கீழே ஒன்று மேலே ஒன்று. இரவில் தலையணைக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம் வரும், காதில் அல்ல, பல்லில் கேட்கும். இரண்டு கட்டில் கம்பிகளுக்கு நடுவே யாரோ புடவையில் தூளி கட்டியிருப்பார்கள். நாம் ஆட்ட வேண்டியதில்லை, கப்பலே ஆட்டும். பக்கத்துக் கட்டிலில் வங்காளிக் குடும்பம் பொரி எடுத்துக் கொடுக்கும், நம் வீட்டுப் புளிச்சோறு அங்கே போகும். எனக்கு அந்தக் கூடம் பிடிக்கும். ஆனால் உங்கள் மனைவிக்குத் தூக்கம் முக்கியம் என்றால் இரண்டாம் வகுப்பு கேபினாவது எடுங்கள். கேபின்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீவு நிர்வாகத்தின் கப்பல் துறைத் தளத்தில் அட்டவணை வந்ததும் அன்றைக்கே பதிவு செய்யுங்கள். மாதத்தில் சில தடவைதான் கப்பல். அட்டவணை வந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போவது சகஜம்.

வாந்திக்கு: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. ஓரத்திலும் உயரத்திலும்தான் தூக்கிப் போடும். வெறும் வயிறு கூடாது, நிரம்பிய வயிறும் கூடாது. கொஞ்சம் பொரிகடலை, எலுமிச்சை, இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும். மாத்திரை போடுவதென்றால் மருத்துவரிடம் கேட்டு, மயக்கம் வரும் முன்னாலேயே போட வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்தால் மொபைலைப் பார்க்காமல் மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள்.

முதல் நாள் சாயங்காலமே சிக்னல் போய்விடும். இரண்டாம் நாள்தான் கப்பல் பயணம் என்றால் என்ன என்று தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை இல்லை. தண்ணீர் மை மாதிரி இருக்கும். கப்பலின் முகப்புக்குப் பயந்து கோலா மீன்கள் கூட்டமாகக் கிளம்பி, தண்ணீரைத் தொடாமல் தெருவைக் கடக்கிற தூரம் பறந்து திரும்ப விழும். இரவில் மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியெல்லாம் உப்புப் பனியில் பிசுபிசுவென்று இருக்கும். விளக்கு இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். ராமநாதபுரம் கிராமத்தில்கூட நான் அத்தனை நட்சத்திரம் பார்த்ததில்லை. உங்கள் மனைவி கேட்ட, யாரும் எழுப்பாத ஓய்வு அங்கேயே தொடங்கிவிடும்.

இன்னொரு விஷயம், இதை விமானத்தில் போகிறவர்கள் பார்க்கவே முடியாது. பிளேர் துறைமுகம் தீவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது, நாம் வருவது மேற்கிலிருந்து. ஆகவே கரை தெரிந்த பிறகும் கப்பல் தீவுகளைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மணிக்கணக்கில் காடு மட்டும் கூடவே வரும். கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கிற காடு, நடுவில் வீடும் கிடையாது, சாலையும் கிடையாது. அப்பா எங்களை விடியுமுன் எழுப்பி மேலே கூட்டிப் போவார். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஈரமண், பச்சிலை வாசம் மூக்குக்கு வந்துவிடும். மூன்று நாள் உப்புக்காற்றுக்குப் பிறகு அந்த வாசம் வந்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சரி, இறங்கியதும் என்ன செய்வது. என் யோசனை: பிளேரில் ஒரு இரவு, ஹேவ்லாக்கில் நான்கு இரவு, நீல் தீவில் இரண்டு இரவு, கடைசியில் மறுபடி பிளேரில் ஒரு இரவு, விமானத்தில் வீடு. இரண்டு தீவு போதும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் சுவராஜ் தீப் ஆனது, நீல் ஷஹீத் தீப் ஆனது. டிக்கெட்டில் இந்தப் பெயர்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். பிளேரிலிருந்து ஹேவ்லாக் அரசுப் படகில் இரண்டரை மணி நேரம், தனியார் விரைவுப் படகில் ஒன்றரை.

ஹேவ்லாக்கில் கடற்கரைக்கு எண்தான் பெயர். ஏழாம் எண் ராதாநகர், எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்கப் போவது அங்கே. ஆனால் நீங்கள் தங்க வேண்டியது கிழக்குப் பக்கம், ஐந்தாம் எண் விஜய்நகர். பெரிய பெரிய மஹுவா மரங்கள் மணலிலிருந்து கடல் பக்கமாகச் சாய்ந்து, கிளை தண்ணீரைத் தொடுகிற மாதிரி நிற்கும். புத்தகமும் நிழலும் அங்கே காலை முழுவதும் கிடைக்கும். வற்று நேரத்தில் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும், குளிக்க முடியாது. அப்போது அந்தக் கரையில் ஆள் நடமாட்டமே இருக்காது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும்.

கடிகாரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நமக்கும் அங்கும் ஒரே நேரம்தான், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. பிப்ரவரியில் ஆறு மணிக்கு முன்பே நன்றாக விடிந்துவிடும், மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் கடலுக்குள். கோவையில் மாதிரி ஆறு மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பினால் இருட்டில்தான் போய்ச் சேருவீர்கள்.

மலை ஏறுகிற உங்களுக்கு யானைக் கடற்கரை நடை பிடிக்கும். ராதாநகர் சாலையிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதை, காட்டுக்குள் முக்கால் மணி நேரம், கடைசிப் பகுதி சேறும் அலையாத்தியும். ஒரு காலத்தில் மரம் இழுக்க யானைகளைக் கொண்டு வந்தார்கள். அவற்றில் ராஜன் என்ற யானை கடலில் நீந்துவதைப் பார்க்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்தார்கள். 2016இல் ராஜன் இறந்துவிட்டது. அந்தப் பாதையில் நடக்கும்போது எனக்கு அதன் ஞாபகம்தான் வரும்.

நீலில் செய்ய ஒன்றுமே இல்லை, அதற்காகத்தான் அங்கே போக வேண்டும். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் தீவு முழுவதும் வாழையும் காய்கறியும் போட்ட வயல்தான். லட்சுமண்பூரில் இயற்கையாக அமைந்த கல்பாலம் இருக்கிறது, வற்று நேரத்தில் மட்டும் போக முடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் கடல் நன்றாக உள்வாங்கும். பாறைக் குழிகளில் கடல் அட்டை, சின்ன ஆக்டோபஸ், கையகல நீலநிற நட்சத்திர மீன் எல்லாம் பார்க்கலாம். கெட்டிச் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், உயிருள்ள பவளத்தை மட்டும் மிதிக்காதீர்கள்.

டைவிங் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

சிறுவாணி மணி

அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. மனைவியும் கூட உட்கார்ந்து படித்தாள். மஹுவா மரம் வந்ததும் "அங்கேயே இருந்துவிடலாம்" என்றாள். இரண்டு சந்தேகம். டைவிங்கில் காது வலிக்கும் என்கிறார்களே, உண்மையா? திரும்பும்போதும் கப்பலில் வந்தால் என்ன?

தூத்துக்குடி குளியாள்

தம்பி, நான் தூத்துக்குடி. தாத்தா சங்கு குளித்தவர். நான் சிலிண்டர் மாட்டிக்கொண்டு குளிக்கிறேன், அதுதான் வித்தியாசம். ஏழு சீசன் ஹேவ்லாக்கில் டைவிங் பயிற்சியாளராக இருந்தேன்.

காதை முதலில் சொல்கிறேன். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் மேலே இருந்ததைவிட இரண்டு மடங்கு. முதல் சில மீட்டரில்தான் அதன் பாதிப்பு அதிகம். காதுக்குள் இருக்கும் காற்று சுருங்கும், சவ்வு உள்ளே இழுபடும், அதுதான் வலி. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை ஊதினால் காதில் 'டப்' என்று கேட்கும், அழுத்தம் சமமாகிவிடும். வலிப்பதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தடவை ஊத வேண்டும். வலித்த பிறகு ஊதினால் திறக்காது. ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். சளி இருந்தால் அன்று இறங்கவே கூடாது. காசு போனால் போகட்டும்.

முதல்முறை இறங்குகிறவர்களுக்கு உள்ள அறிமுக டைவில் அதிகபட்சம் பன்னிரண்டு மீட்டர்தான். நீச்சல் தெரியாதவர்களும் போகலாம், பயிற்சியாளர் கையை விடமாட்டார். ஆனால் கடையில் காசு கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு ஆளுக்கு ஒரு பயிற்சியாளரா? நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு கடையில், பெயர் வேண்டாம், கூட்ட நாளில் ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு பேரைக் கொடுப்பார்கள். ஒரு நாள் என் இடது கையில் இருந்த பையனுக்குக் காது திறக்கவில்லை. வலது கையில் இருந்த அவன் அண்ணனை நடுவழியில் விட்டு மேலே வர முடியவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ஏற்றினேன், ஆனால் அதற்குள் சின்னவனுக்கு மூக்கில் ரத்தம். அந்த வாரமே வேலையை விட்டேன். ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் எதுவானாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்களுக்குக் கிணற்று நீச்சல் நன்றாக வரும் என்கிறீர்கள். அப்படியானால் அறிமுக டைவோடு நிற்காதீர்கள். ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் பயிற்சி மூன்று, நான்கு நாளில் முடியும். 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். உங்களுக்கு அது ஒன்றுமில்லை. முடித்தால் பதினெட்டு மீட்டர் வரை போகலாம். இரண்டாம் எண் கடற்கரைக்கு முன்னால் இருக்கிற நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில் கரையிலிருந்து நடந்தே இறங்கித் தொடங்குவார்கள். அங்கே ஒரு நாள் மூச்சுச் சத்தம் அடங்கிய இடைவெளியில் காதைத் தீட்டுங்கள். 'கறுக், கறுக்' என்று கேட்கும். கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம். கடித்ததை அரைத்து மணலாகப் பின்னால் விட்டுக்கொண்டே போகும். நீங்கள் கரையில் படுத்திருக்கிற வெள்ளை மணலில் ஒரு பங்கு அந்த மீனின் வேலை.

அனுபவம் ஏறினால் அடுத்த தடவைக்கு ஜானிஸ் கார்ஜ், டிக்ஸன்ஸ் பினாக்கிள் இரண்டும் இருக்கின்றன. அந்தக் கடலைக் கைரேகை மாதிரி அறிந்த, பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் இனத்தவர் இருவரின் பெயரில் அமைந்த இடங்கள். சீலா மீன் கூட்டம் சுவர் மாதிரி நிற்கும். ஆனால் முப்பது மீட்டர்ப் பக்கம் போகிற இடம், இப்போது வேண்டாம்.

திரும்பும் வழி பற்றி நான் தீவுக்காரி அக்காவோடு மாறுபடுகிறேன். டைவ் செய்தால் உடம்பில் நைட்ரஜன் கரைந்து தங்கும். உடனே விமானம் ஏறினால் அது குமிழியாகக் கிளம்பி மூட்டையும் நரம்பையும் கெடுக்கும். பல டைவ் செய்தவர் குறைந்தது பதினெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் ஒரு முழு நாள் என்றுதான் சொல்வேன். கப்பலில் திரும்பினால் இந்தக் கவலையே இல்லை, கடைசி நாள் காலை வரை கடலில் இருக்கலாம். போகும்போது விமானம், வரும்போது கப்பல். இதுதான் டைவருக்கு ஏற்ற வழி.

தீவுக்காரி

குளியாள் அண்ணன் சொல்வது டைவருக்குச் சரி. மணி தம்பி மாசச் சம்பளக்காரர். திரும்பும் கப்பல் இரண்டு நாள் தள்ளிப்போனால் ஹோட்டல் வாடகையும் போகும், பட்டறையில் பேச்சும் வாங்க வேண்டும். போகும் கப்பல் தள்ளிப்போனால் தீவில் ஒரு நாள் குறையும், அவ்வளவுதான். அதனால்தான் கடைசி இரவை பிளேருக்கு வைத்தேன். அன்று டைவிங் இல்லை, செல்லுலார் சிறை. 1906இல் கட்டி முடித்த இடம். ஏழு சிறகில் மூன்றுதான் மிச்சம் இருக்கிறது. ஒரு முழுப் பகல் அதற்குக் கொடுங்கள். அந்த நாள் நைட்ரஜன் கணக்கிலும் சேர்ந்துகொள்ளும்.

இன்னும் மூன்று விஷயம் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பராதாங் தீவுக்குப் போகச் சொல்லி எல்லோரும் இழுப்பார்கள். சேற்று எரிமலை, சுண்ணாம்புக் குகை இரண்டும் நிஜமாகவே அழகுதான். ஆனால் தரைவழிப் பாதை ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. வாகனங்களைக் கூட்டமாகச் சேர்த்து, காவலோடு அனுப்புவார்கள். அவர்களைப் படம் எடுப்பது குற்றம், உணவு கொடுப்பதும் கூடாது. அப்படியிருந்தும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு "தெரிகிறார்களா, தெரிகிறார்களா" என்று தேடுகிற கூட்டத்தோடு நான் ஒரு தடவை போனேன். எனக்குப் பதினாறு வயது. பாதையோரம் என் வயதுப் பெண் ஒருத்தி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வண்டியில் ஒருவர் அவர்களைப் பார்த்து பிஸ்கட் பொட்டலத்தை ஆட்டினார். அதன் பிறகு அந்தச் சாலையில் நான் போகவே இல்லை. உங்களையும் போகாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

முதலை. தீவுகளில் செம்மூக்கு முதலை உண்டு, உப்புத் தண்ணீரில் நீந்தும். 2010இல் ராதாநகர் பக்கத்தில் ஒரு பயணியைக் கொன்றது. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில், ஓடை கடலில் சேருமிடத்தில், அலையாத்தி ஓரத்தில் இறங்கவே வேண்டாம். உயிர்காவலர்கள் விசில் ஊதினால் உடனே வெளியே வாருங்கள்.

சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், செத்ததாக இருந்தாலும். விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்பது ஒரு பக்கம். 2010 கோடையில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது நான் ஊரில் இருந்தேன். சின்ன வயதில் கண்ணாடிப் படகில் பார்த்த ஊதாவும் பச்சையும் எலும்பு நிறமாகக் கிடந்தன. சில இடங்களில் மெல்ல மெல்லத் துளிர்த்து வருகிறது. உடைந்த துண்டிலும் புதுப் பவளம் ஒட்டி வளரும். அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

சிறுவாணி மணி

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் முதல் வாரம் திரும்பினோம். போய் வந்த கதையைச் சொல்கிறேன்.

கப்பல் ஒரு நாள் தாமதமாகத்தான் கிளம்பியது. அக்கா சொன்ன மாதிரி கீழ்த்தளத்தில், நடுவில் கேபின் கிடைத்தது. முதல் இரவு எனக்குத்தான் வாந்தி, அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்பது மணி நேரம் தூங்கினேன் என்றாள். இரண்டாம் நாள் மதியம் நான் எழுந்து மேலே போனபோது, பிளேரில் கடை வைத்திருக்கும் ஒரு சிவகங்கைக்காரப் பாட்டியோடு உட்கார்ந்து கோலா மீன் எண்ணிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். மூன்று நாளும் மொபைலைக் கையில் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை இரண்டு பேரும் மேல்தளத்துக்குப் போனோம். அந்த வாசம் வந்தது அக்கா. மழை பெய்து விட்ட காட்டுக்குள் நிற்கிற மாதிரி, வெள்ளியங்கிரியில் நான்காவது மலை தாண்டும்போது வருமே, அதேதான். ஆனால் கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர் மட்டும்தான். சுற்றி நின்ற தீவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நின்றார்கள்.

ஒரு நாள் குறைந்ததால் நீலில் ஒரே இரவு. ஹேவ்லாக்கில் ஓப்பன் வாட்டர் முடித்துவிட்டேன். நீச்சல் சோதனை எளிது. முகமூடியில் தண்ணீர் நிரப்பி மூக்கால் ஊதி வெளியேற்றுவதுதான் கஷ்டம், இரண்டு தடவை பயந்து எழுந்துவிட்டேன். மூன்றாம் நாள் கடல் கலங்கி இருந்தது, ஐந்தடிக்கு மேல் தெரியவில்லை. நான்காம் நாள் தெளிந்தது. பதினாறு மீட்டரில் ஒரு பேராமை கையெட்டும் தூரத்தில் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு இருந்தது. ஓட்டின் மேல் பாசி, அதைக் கொத்தும் சின்ன மீன்கள். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. குளியாள் அண்ணன் சொன்ன 'கறுக்' சத்தத்தையும் கேட்டேன்.

அவளும் அறிமுக டைவுக்கு வருகிறேன் என்று கடைசி நேரத்தில் சொன்னாள். ஒரு ஆளுக்கு ஒரு பயிற்சியாளர் என்று உறுதி கேட்டுத்தான் இறங்கினோம். மூன்று மீட்டரில் இடது காது திறக்கவில்லை. அந்தப் பயிற்சியாளப் பெண் அவசரப்படுத்தாமல் மூன்று தடவை மேலே ஏற்றி இறக்கிப் பார்த்து, "இன்று வேண்டாம் அக்கா" என்று கரைக்குக் கூட்டி வந்துவிட்டார். அவளுக்கு வருத்தம்தான், எனக்கும்தான். ஆனால் மறுநாள் அவளே மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடியும் குழாயும் மாட்டி, ஒரு மணி நேரம் தண்ணீருக்கு மேலே படுத்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது முதுகு முழுவதும் வெயிலில் வெந்திருந்தது. அடுத்த தடவை முழுக்கைச் சட்டை போட்டுத்தான் இறங்க வேண்டும். படிக்கிறவர்கள் கவனியுங்கள்.

பராதாங் போகவில்லை. செல்லுலார் சிறையில் அரை நாள் என்று போனவர்கள் மூடும் வரை இருந்தோம்.

அடுத்த வருடம் லிட்டில் அந்தமான், ஹட் பே போகலாம் என்கிறாள். அங்கே அலைச்சறுக்கு நன்றாக இருக்குமாம். யாராவது போயிருக்கிறீர்களா?

தீவுக்காரி

தம்பி, பட்லர் பே கரை. என் சித்தப்பா ஹட் பேயில் இருந்தார், ஒரு கோடை முழுவதும் அங்கே இருந்திருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள் அந்த சிவகங்கைப் பாட்டியின் கடை ஜங்லிகாட்டா, அபர்தீன் பஜாரா என்று மட்டும் மனைவியிடம் கேட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.